சிவப்பு விளிம்புக் கிண்ணம்

மார்ச் 4
மாமியார் இன்று கண்ணாடி அலமாரியைத் திறந்து வகை பிரித்தார்கள். பால் வெள்ளையில் பழைய தட்டுகள், கிண்ணங்கள். விளிம்பில் சிவப்பு, பச்சை, தங்கக் கோடு. எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் செய்தவை. கலர் முழுசாக இருப்பது அலமாரிக்கு. தேய்ந்தது சமையலறைக்கு, அதாவது எனக்கும் பாப்பாவுக்கும். "பழைய தட்டு சேக்கிறவங்க இதத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. நீ புழங்கிக்கோ."
எவ்வளவு பெரிய மனசு!

மார்ச் 9
பாப்பா சிவப்பு விளிம்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஒன்றரை வயதுக்கு என்ன ரசனை! ஊட்டுவதற்குள் விளிம்பை ஒரு சுற்று நக்குகிறாள். நக்கட்டும். வாயைத் திறந்தால் போதும்.

மார்ச் 21
விருந்தாளிகள் முன்னால் அத்தை என்னைக் காட்டி: "அவளுக்கு எதுக்கு நல்ல தட்டு? கைல நிக்காது. போட்டு ஒடைப்பா." எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும்.
அந்தக் கிண்ணத்தைக் கம்பி நாரால் தேய்த்தேன். நாரே படக்கூடாது, கலர் போயிடும் என்பது அத்தை போட்ட சட்டம். போகட்டுமே. அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு மொத்தமாகப் போகட்டும். இனி தினமும் தேய்ப்பேன்.

ஏப்ரல் 30
பாப்பா சாப்பிடுவதில்லை. மலச்சிக்கல், ஓயாத அழுகை. பல் முளைக்கிறது என்கிறார்கள்.
பல்தானா?

மே 6
டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். "வீட்ல பழைய பெயிண்ட் உரியுதா? எதையாவது நக்குறாளா?"
வீட்டுக்கு வந்து ஈர விரலால் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினேன். விரல் சிவந்தது.

மே 12
ஈயம். இருக்கக்கூடாத அளவு. மருந்து வேண்டாம், அந்தக் கிண்ணத்தை நிறுத்துங்கள், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. மூளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். "வளர வளரத்தாம்மா தெரியும்."
நான் கொண்டுபோயிருந்த கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "புதுசா கீறல் இருக்கே. யாராவது போட்டுத் தேய்ச்சீங்களா? கீறினா பொடியா வந்துக்கிட்டே இருக்குமே."
"தெரியல டாக்டர்."
தெரியலயாம்! கெமிஸ்ட்ரி படித்தவள் சொல்கிற பதில்.

மே 13
வீட்டுக்காரர் அத்தையிடம் கத்தினார். "ஏம்மா, ஓட்ட ஒடசல்தான் கெடச்சுதா கொழந்தைக்கு?" அத்தை வாயே திறக்கவில்லை. நானும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
ஆனால் கொடுத்தது அவர்கள்தானே? கொடுக்காமல் இருந்திருந்தால்? பொய்யில்லையே. நாள் முழுக்க அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்—

மே 20
அவர் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருக்கிறார். தாங்க முடியவில்லை.

ஜூன் 14
ஈயம் பாதியாகக் குறைந்திருக்கிறது. டாக்டரம்மா சிரித்தார். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.
அலமாரி காலி. முழுக் கலர் தட்டுகளையும் அத்தை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இன்று பாப்பா அவர்களிடம் தாவினாள். தூக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.
"நீயே வச்சுக்கம்மா. என் கையால இனிமே எதுவும் வேணாம் அவளுக்கு."
"சரிங்கத்தை" என்று நான் தூக்கிக்கொண்டேன்.