தொட்டியில் இறங்கும் முறை

மே 7
இறையியல் கல்லூரி ஆலயத் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானப் பயிற்சி. இறுதி வகுப்பில் இந்த ஆண்டு இரண்டே பேர். குக் தெ-சொன் மல்யுத்த வீரனைப் போலிருப்பான். பியோ யொங்-ஹிக்கு நாற்பத்தெட்டு வயது, என் தோளுயரம். அங்கி மிதக்காமலிருக்க ஓரத்தில் ஈயக்குண்டு தைப்பது, மூக்கைத் துணியால் மூடுவது, முழங்காலை மடக்கச் சொல்வது - எல்லாம் வழக்கம்போல் கரையில் நின்றே விளக்கினேன். பியோ பதற்றத்தில் ஜெபத்தைப் பாதி விழுங்கிவிட்டு அவனைச் சட்டென்று சாய்த்தாள். கை நழுவி அவன் மூழ்கினான்.

இருமி முடித்த குக், “அக்கா, முழுக்கு குடுக்கச் சொன்னா ஒரேயடியா அனுப்பி வைக்கப் பாத்தீங்களே!” என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

மே 9
பியோ வந்தாள். போதகர் இல்லாத தீவுச் சபையொன்று அவளைக் கேட்டிருக்கிறது. இந்த முழுக்குப் பயிற்சியில் தேறாவிட்டால் வேறு ஆளை அழைத்துக்கொள்வார்கள்.

“குக்கிட்ட கெஞ்சிப் பாத்தேன் ஐயா. ‘உங்க தீவுக்கு வேணா நீந்தியே வரேன், உங்க கையில மட்டும் சாய மாட்டேன்’ங்கறான்.”

பார்க்காமலே தேர்ச்சி போட்டுவிடலாமா? சீ.

அவள் கையில் சாய மிச்சம் இருப்பது நான்தான்.

மே 10
மனைவியிடம் சொன்னேன். “நீங்களா? தலைக்கு ஊத்தறதுக்கே கண்ணை இறுக்கி மூடிக்கிற ஆளு!”

பத்தொன்பது வயதில் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றவன்தான். அன்று நினைவில் நின்றது கடவுள் அல்ல, மூக்கில் ஏறிய தண்ணீர்.

மே 14
இறங்கினேன். தண்ணீர் இடுப்பளவு.

“நடுங்கறீங்களே ஐயா.”

“குளிர்.”

“வெந்நீர் கலந்திருக்கு ஐயா.”

பயம் என்றேன். மாணவியிடம் போய்!

“எனக்குந்தான். என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. நீங்க தலையாட்டாம சாய்க்க மாட்டேன்.”

காத்திருந்தாள். கரையிலிருந்து குக், “அக்கா, தண்ணி ஆறிடும்!” என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. மூச்சு சீரானதும் தலையாட்டினேன்.

ஜெபத்தை முழுதாகச் சொன்னாள். மெல்லச் சாய்ந்தேன். மேலே விளக்கு அலைந்தது. முதுகின் அடியில் அவள் உள்ளங்கை அசையவில்லை.

தேர்ச்சி. மூக்கு, முழங்கால் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முழுகும் ஆள் தயாராகும்வரை காத்திருக்கச் சொன்னதே இல்லை.

மே 15
மூக்கடைப்பு. ஆனாலும் நல்ல நாள்.

ஆகஸ்ட் 23
பியோவைத் தீவுப் படகில் ஏற்றிவிட்டோம். திரும்பும் வழியில் குக்கும் நானும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போனோம். முதுகு தேய்த்துவிட்டான். குளிர்நீர்த் தொட்டியில் அவன் ஏதோ பேசிக்கொண்டிருக்கையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினேன். எழுந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

“சொல்லிட்டு முழுகுங்க ஐயா!”

சொல்லிவிட்டு இன்னொரு முறை முழுகினேன்.