நிழல் வைக்காத பாதை

அன்பு மகளே,

நம் சலாகாவின் பழைய அடிமைச் சந்தையில் நீ அமைத்த நினைவுப் பாதையில், வெயிலில் பாதி தூரம்கூட நடக்க முடியாமல், நினைவுக்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடலை விற்கும் மேமுனா பார்த்துவிட்டாள்.

"எந்திரிங்க பெரியவரே, அது பெஞ்சு இல்ல! உங்க மக ஒரு மரம்கூட வைக்க மறந்துட்டாளா?"

"மறக்கல தாயி. சங்கிலியில வந்தவங்களுக்கு யாரு நிழல் வச்சா?"

அவள் கூடையை இறக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, விற்கும் முன் அடிமைகளைக் குளிப்பாட்டிய கிணறு வரை நடந்து திரும்பினாள்.

"எங்க கொள்ளுப்பாட்டிய இங்கதான் வித்தாங்க" என்றாள்.

யார் அடிமை வழி வந்தவர் என்று கேட்பதோ சொல்வதோ நம் ஊரில் வழக்கமில்லை. எட்டாவதில் இரண்டு முறை தோற்றவன் நான். நிழலில்லாத உன் பாதை அவளையே பேச வைத்தபோதுதான் உன் படிப்பின் அருமை விளங்கியது.

நான் கல்லைவிட்டு எழுந்தேன். அந்தச் சங்கிலியைப் பிடித்து வந்தவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர் என்பதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடமும் இதுவரை சொன்னதில்லை.

உன் அப்பா