ஒப்பாரியில் எடுத்த பெயர்

ஆவணி, வெள்ளிக்கிழமை ராத்திரி.

பேத்தி கலையின் ராக் பேண்டு முதல் ஆல்பம் போடுகிறது. எல்லாமே கடல் கொண்டுபோனவர்களைப் பற்றிய பாட்டு. கடைசிப் பாட்டில் என் ஒப்பாரி. அவள் அப்பன், என் மகன் சேகருக்காக நான் அழுதது. இன்று மாமல்லபுரம் ஸ்டூடியோவில் போட்டுக் காட்டினார்கள்.

புயல் என்று தெரிந்தும் சேகரைக் கடலுக்கு அனுப்பியவன் படகு முதலாளி துரைசாமி. அவன் பெயரைச் சொல்லிச் சபிக்காமல் நான் ஒருநாளும் ஒப்பாரியை முடித்ததில்லை. ஆல்பத்தில் அந்த இடத்தில் வெறும் டிரம்ஸ் இடிக்கிறது.

“அவன் பேரு எங்கடி?”

“கேஸ் போட்டுருவான் ஆயா. ஊர்லயும் பேஜாரு. அப்பா பேரு கீதுல்ல, போதாதா?”

“கொன்னவன் பேரு இல்லாம இன்னாடி ஒப்பாரி? என் குரலையும் எடுத்துடு.”

கெஞ்சினாள். நான் அசையவில்லை. அழுதுகொண்டே எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். துரைசாமியும் இல்லை, சேகரும் இல்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் குரலைத் திரும்ப வைத்துவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி நடந்தோம். துரைசாமி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். வாய்வரை வந்ததை நான் சொல்லவில்லை.