பூஜ்ய பில்லுக்கு மெயில் வேண்டாம்

அக்டோபர் 7, செவ்வாய்

இணைப்புக்காரர் வந்தார். அவர் தொழிலுக்கு வேறு பெயர் இருக்கும். எனக்கு அவர் இணைப்புக்காரர்தான். கணக்கு மென்பொருளையும் மெயில் அனுப்பும் மென்பொருளையும் ஒன்றோடொன்று பேச வைத்துவிட்டுப் போனார். இனி நான் ஒரு வாட்டர் ஹீட்டருக்குப் பில் போட்டால் போதும், வாங்கியவரின் விவரமெல்லாம் தானாக அந்தப் பக்கம் போய்விடும். நன்றி மெயில், பராமரிப்புக் குறிப்பு, தள்ளுபடிச் செய்தி எல்லாம் தானே கிளம்பும். இத்தனை வருஷம் ஒரே பெயரை இரண்டு இடத்தில் தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இனிமே உனக்கு வேலையே இல்லம்மா" என்றார். அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாரா என்று வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

புகார் மன்னர் எழுதிவிட்டார். எழுதாமல் இருப்பாரா? நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் போடுகிற ஒரே ஆத்மா அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "ஐந்தாண்டுக்குக் கவலையில்லை என்று உங்கள் மெயில் சொல்கிறது. என் ஹீட்டர் முதலாண்டிலேயே ஒழுகுகிறது. கவலை யாருக்கு இல்லை? உங்களுக்கா?" முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் மட்டும் மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்தேன்.

பழையதை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று கொடுக்கச் சொல்லியாயிற்று. பூஜ்ய பில் போட்டேன். மாற்றிக் கொடுப்பதற்கும் இனாமாகக் கொடுப்பதற்கும் இங்கே அதுதான் வழக்கம். சரக்கு வெளியே போனதற்குக் கணக்கு வேண்டும், அதற்காக ஒரு பில், தொகை பூஜ்யம்.

அக்டோபர் 13, திங்கள்

மானம் போயிற்று. பூஜ்ய பில் அந்தப் பக்கம் போய், புகார் மன்னருக்கு "உங்கள் கொள்முதலுக்கு நன்றி! நீங்கள் செலுத்திய தொகை: 0" என்று மெயில் போயிருக்கிறது. அவர் விடுவாரா? "ஓசியில் கொடுத்துவிட்டு ஊரைக் கூட்டி நன்றியும் சொல்வீர்களா? இந்தக் கேலிக்கூத்தை நிறுத்துங்கள்."

இணைப்புக்காரரைப் போனில் பிடித்தேன். "பூஜ்ய பில் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது." "அவ்வளவுதானா மேடம்? ஒரே ஒரு விதி. இப்பவே போட்டுடறேன். ஏற்கெனவே போன பூஜ்ய பில்லையும் அந்தப் பக்கத்திலேருந்து எடுத்துடறேன்." தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

சாயங்காலம் மன்னரிடமிருந்து ஒரு வரி: "நிறுத்தியதற்கு நன்றி. யாரோ ஒருவராவது படிக்கிறீர்கள்." இதை முதலாளியிடம் காட்டவில்லை. எனக்கு வந்தது என்றே வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

தங்கச்சி வீட்டுக்கு ஒரு ஹீட்டர். குழந்தையைக் குளிப்பாட்ட அடுப்பில் தண்ணீர் சுமக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். முதலாளி ஊழியர் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அவரிடம் இதுவும் உண்டு, எழுதாமல் விட்டால் பாவம். "எங்க அக்கா கம்பெனி" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாளாம்.

நவம்பர் 5, புதன்

தொழிற்சாலையிலிருந்து அவசரச் செய்தி. ஒரு பேட்ச் முழுக்க உள்ளே ஒயர் இணைப்பு சரியில்லை. தண்ணீர் வழியாகக் கரண்ட் வரலாம். "உடனே உபயோகத்தை நிறுத்தச் சொல்லவும்."

முதலாளி நிதானமாக, "எதுக்கு இணைச்சு வச்சிருக்கோம்? அனுப்பு" என்றார். பேட்ச் நம்பரைக் கொடுத்தேன். அந்த நம்பர் உள்ள எல்லோருக்கும் எச்சரிக்கை போய்விட்டது. ரிப்போர்ட் பச்சையாக நிற்கிறது: நூற்றுக்கு நூறு. திறந்து படித்தவர்கள் பாதிகூட இல்லை. "போன் பண்ணிடலாமா?" என்றேன். "அனுப்பியாச்சுல்ல? படிக்கலேன்னா நாம என்ன செய்யறது?" திறக்காதவர்களில் எனக்கு முடிந்தவரை கூப்பிட்டேன், அவருக்குத் தெரியாமல்.

புகார் மன்னர் இன்னும் வாய் திறக்கவில்லை. இந்நேரம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்க வேண்டுமே. அவருடையது வேறு பேட்ச் போலிருக்கிறது. தப்பித்தோம்.

நவம்பர் 11, செவ்வாய்

தள்ளுபடி மெயில் போயிற்று. மன்னரிடமிருந்து பதில் இல்லை. கோபமோ என்னவோ.

நவம்பர் 12, புதன்

தங்கச்சி போன் பண்ணினாள், சிரித்துக்கொண்டே. "அக்கா, உங்க ஹீட்டர் குழாயத் தொட்டா சுரீர்னுதுக்கா. நீ எங்க வீட்டுக்காரர மொறைக்கிற மாதிரியே இருக்கு."

"மெயில் வரலையாடி?"

"எந்த மெயிலு?"

கத்தினேன். மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன், குழந்தை எங்கே என்று கேட்டேன், எல்லாம் ஒரே மூச்சில். குழந்தை தூங்குகிறது. அவளுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

ஏன் போகவில்லை? பில் போட்டேனே. நம்பர் சரிதானே. அப்புறம்தான் உறைத்தது. பூஜ்ய பில்! அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் யாருமே இல்லை. நூற்றுக்கு நூறு என்றதே, யாரில் நூறு? ஐயோ, அந்த மாதம் மாற்றிக் கொடுத்ததும் இனாமாகக் கொடுத்ததும் எல்லாம் அதே பேட்ச். புதிதாக வந்து அடுக்கில் முன்னால் இருந்ததே அதுதான்.

நவம்பர் 13, வியாழன்

காலையிலிருந்து பூஜ்ய பில்காரர்களுக்குப் போன். ஒருவர் திட்டினார், ஒரு அம்மாள் அழுதார், ஒருவர் ஹீட்டரை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. மூன்று பேர் மட்டும் கிடைக்கவில்லை. அதில் மன்னர் ஒருவர். போன் அணைந்தே கிடக்கிறது.

வெளியூர் போயிருப்பார். போயிருக்கட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, துடைத்து வைத்திருந்தது.

அவர் மனைவிதான் திறந்தார். கம்பெனி பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வாம்மா, உள்ள வா. உங்க மெயில்னா அவருக்கு உயிராச்சே. ஒண்ணு விடாம படிப்பார். பதில் எழுதலேன்னா அன்னைக்குச் சாப்பாடு இறங்காது."

போன வெள்ளிக்கிழமை குளிக்கப் போனவர் விழுந்துவிட்டாராம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். இதயம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன வெள்ளி என்றால் ஏழாம் தேதி. நாங்கள் எச்சரிக்கை அனுப்பியது ஐந்தாம் தேதி.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். "அந்தக் குழாயில எனக்கும் ஒரு நாள் சுரீர்னுச்சு. வயசாச்சு, நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். எழுந்து போய் ஹீட்டரின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். "ஆள் அனுப்பறேம்மா. அதுவரைக்கும் தொடாதீங்க." அவ்வளவுதான் சொன்னேன். படி இறங்கும்போது அவர் மேலிருந்து சொன்னார், "இப்ப நான்தாம்மா தெனமும் அவர் மெயிலத் திறந்து பாக்கறேன். யாராவது எழுதியிருப்பாங்கல்ல?"

நான் என்ன ஜென்மம்?

நவம்பர் 15, சனி

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதயம்னு டாக்டரே சொல்லியாச்சு. நம்மகிட்ட ரிப்போர்ட் இருக்கு, நூத்துக்கு நூறு. நீயா போய் வாயைக் குடுக்காத" என்றார்.

"அது பொய் ரிப்போர்ட் சார்."

"பொய் இல்லம்மா. அனுப்பினவங்களுக்கெல்லாம் போயிருக்கு."

நவம்பர் 16, ஞாயிறு

தூக்கம் இல்லை. தங்கச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மடியில் வாங்கிக்கொள்ளவே பயமாக இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

விதியை எடுக்கச் சொன்னேன். இணைப்புக்காரர் எடுத்தார். "தடுத்து வச்சதெல்லாம் வரிசையில நிக்குது மேடம். இப்ப விட்டா எச்சரிக்கை எல்லாருக்கும் போயிடும். விடட்டுமா?" பெயர்கள் திரையில் வந்தன. தங்கச்சி பெயர். அதற்கு நாலு வரி கீழே அவர் பெயர், பக்கத்தில் ஒரு டிக்.

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "அந்த ஒருத்தரை மட்டும் எடுத்துடு" என்றார், கெஞ்சுகிற மாதிரி. ஒரே ஒரு டிக்தான். கை மவுஸில்தான் இருந்தது.

எடுக்கவில்லை. "விடுங்க" என்றேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர் பெயருக்கு நேரே வந்துவிட்டது: திறந்து படிக்கப்பட்டது. பிறகு போன். முதலாளி எடுக்காதே என்று கையை ஆட்டினார். எடுத்தேன்.

"அன்னைக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனியே, அப்பவே ஏம்மா சொல்லல?"

சொன்னேன். ஒழுகிய ஹீட்டரிலிருந்து, அவர் எழுதிய அந்த ஒரு வரி நன்றிவரை, எல்லாவற்றையும்.