தலையிடவில்லை

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஓட்டில் ஒழுக்கு இரண்டு இடம். பாத்திரம் வைத்தாயிற்று.

நாகபுரியிலிருந்து மகள் சரோஜாவின் கடிதம். அவள் அம்மாவின் காரியத்துக்கு வந்து போன பிறகு இதுதான் முதல். நான்கு முறை படித்தேன். அவள் பெண்ணுக்கு நாலு வயது. வீட்டில் பேசுகிறதாம், வெளியார் எதிரில் வாயே திறப்பதில்லையாம். "நான் அந்த வயதில் எப்படி இருந்தேன்? நீங்கள் என்னைப் பற்றி எழுதிய நோட்டை அனுப்புங்கள்." அடியில், வேறு மசியில்: "மார்கழியில் குழந்தையோடு வரலாமா என்று யோசிக்கிறேன்."

யோசிக்கிறாள். வருகிறேன் என்று எழுதவில்லை.

ஐப்பசி 5, புதன்

மழை. பீரோ அடித்தட்டில் நோட்டு கிடைத்தது. நீல அட்டை. செல் அரிக்கவில்லை. உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரியில் மனோதத்துவம் நடத்திய காலமெல்லாம் இதைத்தான் உதாரணமாக வாசித்தேன். வெள்ளைக்காரப் பிரின்சிபால் கற்பித்த முறை: குழந்தையைத் தொடாதே; பார்; எழுது.

ஒரு பக்கம்: கு. வயது 4. மாலை 5.10. கண்ணாடி டம்ளர் உடைந்தது. பயம். அழுகை 11 நிமிடம். என்னை நோக்கிக் கை நீட்டல், 3 முறை. த.வி.

கு. என்றால் குழந்தை. த.வி., தலையிடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் த.வி. நாற்பது வரை எண்ணி நிறுத்தினேன்.

வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. பாத்திரம் தேய்க்க வரும் மேனாம்பேட்டுப் பச்சையம்மாள் கையில் சாம்பலோடு வந்து நின்றாள்.

"இன்னாங்கய்யா, கொயந்த அயுவுது, நீ கெடியாரத்த பாத்துகினு குந்திகினு இருந்தியா?"

"அது ஒரு ஆராய்ச்சி."

"நல்ல ஆராச்சி! எங்க தெருவுல எம் பொண்ணு அயுதா, பக்கத்து ஊட்டுக்காரி ஓடியாந்து என்ன அடிப்பா. அம்மா ஒண்ணும் கேக்கலியா?"

கேட்டாள். அவளையும் சமையலறையிலேயே நிற்கச் சொன்னேன்.

ஐப்பசி 7, வெள்ளி

வெயில் கொஞ்சம். ஆவடிப் பக்கம் பட்டாள லாரிகள்.

இந்த நோட்டைப் படித்தால் சரோஜா வரமாட்டாள். வேறொரு நோட்டில் நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தேன். த.வி. வரும் இடத்தில் எல்லாம்: தூக்கிக்கொண்டேன். தோளில் போட்டுக்கொண்டேன். பதினோரு பக்கம்.

ஆராய்ச்சியில் பொய்த் தகவல் எழுதியதே இல்லை. இன்று எழுதினேன். எழுத எழுத, வெட்கம்தான், அந்தக் கனம் தோளில் இருந்தது. ஈரக் கன்னம் கழுத்தில்.

ஐப்பசி 10, திங்கள்

தபாலாபீசுக்கு இரண்டு நோட்டும் எடுத்துப் போனேன். குடை கம்பி ஒடிந்தது. கவுண்டரில் இருந்தவர், "இன்னா சார், ரெண்டுமா ஒண்ணா?" என்றார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் ஒருவர், "பெர்சு தூங்கிடுச்சுபா."

நீல நோட்டைத்தான் அனுப்பினேன். உள்ளே ஒரு சீட்டு: "குழந்தை ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது. கை நீட்டினால் தூக்கு. நான் தூக்கவில்லை."

பிரதி என்னிடம். பொய்யானதுதான். தலையணைக்குப் பக்கத்தில்.

ஐப்பசி 18, செவ்வாய்

தபால் இல்லை. வயிறு மந்தம். ரசம் மட்டும்.

ஐப்பசி 20, வியாழன்

இல்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே கையாட்டிவிட்டுப் போகிறார்.

ஐப்பசி 27, வியாழன்

பெருமழை. கார்டு வந்தது. ஓரம் நனைந்து எழுத்து கரைந்திருக்கிறது.

"டம்ளர் உடைந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அப்பா. எழுதும்போது உங்கள் கை நடுங்கியது. பென்சில் முனை ஒடிந்தது. இன்னொன்று எடுத்தீர்கள். அதை ஏன் நோட்டில் எழுதவில்லை? போர்க்கால ரயில், இடம் கிடைத்தால் மார்கழி முதல் வாரம் வருகிறோம்."

கிடைத்தால்.

பச்சையம்மாளுக்குக் கார்டை வாசித்துக் காட்டினேன்.

"வரட்டும் வரட்டும். இப்பவே சொல்லிகிறேன், அந்த பென்சில எடுத்து ஒளிச்சிடுவேன்."

அவளிடமே கொடுத்துவிட்டேன். இதை எழுதுவது பேனா.