எட்டு நிமிடம் அசையாமல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உன் தம்பிக்குச் சளி விட்டுவிட்டது, பசிதான் விடவில்லை, சமைத்து மாளவில்லை எனக்கு. அப்பாவைப் பற்றிப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரிக்குத் தாவாமல் முதலிலிருந்து படி, உன் அவசரபுத்தி எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்க்கிற பள்ளி லேபில் அறிவியல் டீச்சர் பிள்ளைகளுக்கு ஊசித்துளை கேமரா செய்துகாட்டினார் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பைத்தியம் என்னையும் பிடித்துக்கொண்டது. பிஸ்கட் டின்னுக்குள் கறுப்புப் பெயின்ட், முன்னால் ஊசியால் ஒரு துளை, அதை மூட ஒரு துண்டு டேப், உள்ளே போட்டோ பேப்பர், அவ்வளவுதான், லென்ஸ்கூடக் கிடையாது. குளியலறை ஜன்னலை அட்டையால் அடைத்து, சிவப்பு பல்பு மாட்டி, மூன்று தட்டு வைத்துப் படம் கழுவுகிறேன். அவசரத்துக்குக் குளிக்க முடியவில்லை என்று தம்பி ஒரே புலம்பல். அந்தத் துளை வழியாக வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும், பால்கனி நிழலில் எட்டு நிமிடம் ஆகும், அதுவரை எதிரே இருப்பவர் அசையக்கூடாது. அதற்கு அப்பாவை விட்டால் ஆள் ஏது, அவர் உட்கார்ந்தால் பிடித்துவைத்த மாதிரிதானே.

முதல் படத்தில் முகம், சட்டைப் பொத்தான், நாற்காலி ஆணி எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. தொடைமேல் வைத்த வலது கை மட்டும் புகை மாதிரி இருந்தது. துளையில் பிசிறு என்று நினைத்துப் புதுத் துளை போட்டேன், மறுபடியும் அதே புகை. டின்னில் எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று சுற்றிலும் டேப் ஒட்டினேன். மூன்றாவது தடவை, குளிருகிறது என்று சொல்லி அப்பா ஒரு துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார். வேர்த்துக்கொட்டுகிற மத்தியானத்தில் குளிருகிறதாம். படத்தில் அந்தத் துண்டும் புகையாகத்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு டின்னில் இல்லை, அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கேட்டேன். “சும்மா இருந்தாத்தான் ஆடுது, ஸ்டியரிங்கைப் பிடிச்சா நின்னுடுது, நீ பெரிசுபடுத்தாதே” என்றார். மூன்று மாதமாக இப்படியாம். தினமும் நாற்பது பிள்ளைகளை எங்கள் பள்ளி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார், மகளே. டாக்டரிடம் போனால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம், இருபத்தெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். சொல்லிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு வாரம், காலையில் அவர் பஸ் பள்ளி வாசலில் வந்து நிற்கும்வரை லேபில் எந்தக் குடுவையையும் என்னால் தொட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் எழுவதற்கு முன்னால் சிவப்பு பல்பைப் போட்டு, பஸ் சாவியையும் அந்த மூன்று படங்களையும் போட்டோ பேப்பர் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். அதைச் சிவப்பு பல்பில் அல்லாமல் வேறு வெளிச்சத்தில் திறந்தால் பேப்பர் அத்தனையும் பாழ் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா சட்டைப் பை, அலமாரி எல்லாம் தேடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். ஒரே இழுப்பில் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. பெட்டியோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. கதவுக்கு அடியில் தெரிந்த சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது பெட்டி ஒழுங்காக மூடியிருந்தது, ஒரு பேப்பர்கூடக் கெடவில்லை. ஒரு கையில் சாவி, ஒரு கையில் படங்கள். பஸ் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “இன்னைக்கு வேற டிரைவரைப் போடுங்க, சாவியைக் கொடுத்தனுப்புறேன், என் கை சரியில்லை” என்றார். அதைச் சொல்லி முடிக்க அவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கிறோம். என்ன சொல்வாரோ என்று திக்திக்கென்றிருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே, முதலில் அவர் சொல்லட்டும். போனில் எடுத்ததும் கை எப்படி என்று ஆரம்பிக்காதே, எப்போதும்போல் அப்பாவை வம்புக்கு இழு. வேளைக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், மடங்காமல் எடு. நேற்று அப்பாவே பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இன்னொன்று எடு என்றார். துண்டு தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பிள்ளை பார்க்கட்டும் என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா