கறுப்புப் பெட்டியில் இருந்த குரல்

2007, ஆவணி, வெள்ளிக்கிழமை

டிவியில் பதிவாகிறதெல்லாம் ஒயர் வழியாகப் போய் மாடி ரூமில் இருக்கிற கறுப்புப் பெட்டியில் உட்கார்ந்துக்கும். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற என் பெரியவன் மாட்டினது. அதில்தான் அவன் அப்பா இருந்தார். விவசாய நிகழ்ச்சியில் வந்து, "நெல்லுல புகையான் பூச்சி வுழுந்தா தண்ணிய வடிச்சிடுங்க, மருந்துக்கடைக்காரன் பேச்ச கேக்காதீங்க" என்றார். அவர் போன பிறகு அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை.

இன்னிக்குத் திவசம். படையல் முடிந்ததும் போடுடா என்றேன். தேடினான். காணோம்.

"உன் பொண்டாட்டி சீரியலா ரொப்பிகினு இருந்தா அவரு எங்க இருப்பாரு?" என்றேன். கல்யாணப் பந்தியில் அவள் வீட்டார் என் தங்கச்சிக்கு இலை போடாததையும் சேர்த்துச் சொன்னேன்.

"அவ இல்லம்மா. அப்பா வந்தத மறுபடி போடுவான்னு அந்த நிகழ்ச்சிய தெனம் புடிக்க வச்சேன். புதுசு வர வர, அதே நிகழ்ச்சியில பழசு தானா அழிஞ்சிக்குமாம். எனக்கே இப்பதான் தெரியும்."

மருமகள் கிட்ட வந்தாள். "என் சீரியல எல்லாம் எடுத்துடுங்க. மாமா அடியில இருக்கப் போறாரு."

"அது ட்ரங்க் பெட்டியாடி, அடியில இருக்க?" என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இனி அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. அவர் சொன்னதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை தப்பவில்லை. என் குரலில்தான் கேட்கிறது.